காசிம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்

வாழ்ந்த நாளெல்லாம் நான் "ஏங்க" என்று மட்டுமே கூப்பிட்ட என் அன்புக்கு,

நீங்கள் ஆசைப்பட்டு ஆர்டர் செய்த புது ஹாம் ரேடியோ வந்துவிட்டது. உங்கள் காரியம் முடிந்த மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி, எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? பிரிக்க மனம் வராமல் உங்கள் நாற்காலியிலேயே வைத்திருந்தேன்.

ஆனால் எத்தனை நாள் அப்படி வைத்திருப்பது? நாகப்பட்டினத்தில் காசிம் அண்ணன் காத்திருப்பாரே! ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிட்டால் நீங்கள் இருவரும் வானலையில் பேசாமல் இருந்ததில்லை. அவருடைய ஃபோன் நம்பரை வாங்கி வையுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம், "ஃபோன்லயே பேசறதுன்னா ரேடியோ லைசென்ஸ் எதுக்குடி?" என்று சிரித்தீர்கள். சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சேதி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

நம் மார்சிலிங் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து புது ரேடியோவைப் போட்டேன். அண்ணன் குரல் தெளிவாக வந்தது. "சிங்கப்பூர் தம்பி, இருக்கியா? உடம்பு தேவலையா?" பதில் சொன்னேன், கத்தினேன். அவர் ஊர் மின்கம்பி இரைச்சலில் என் குரல் அவருக்கு எட்டவே இல்லை. அவர் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் லீனியர் இல்லாமல் ஆகாது என்று புரிந்தது. குரலுக்கு வலுவேற்றும் அந்தக் கிழட்டு வால்வுப் பெட்டியை நீங்களே கட்டினீர்கள். புது ரேடியோவோடு அதை எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் சொல்லிவைக்கவில்லை. தெம்பனிஸில் இருக்கும் உங்கள் வானொலி நண்பன் செல்வத்தைக் கேட்டேன்.

"நேரா மாட்டிடாதீங்கக்கா, புது செட் எரிஞ்சிடும் லா! நடுவுல ஒரு ரிலே சுவிட்ச் போடணும். பவரையும் நல்லா கொறச்சு வைங்க, ஃபுல்லா குடுத்தா வால்வு போயிடும்."

தேக்கா பக்கத்துக் கடையில் ரிலே வாங்கிவந்து நானே பற்றவைத்து இணைத்தேன். உரிமம் எனக்கும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு மைக்கை அழுத்தினேன். வார்த்தை வரவில்லை. பெட்டி மட்டும் அடியில் மெல்ல உறுமியது. எத்தனை முறை சண்டை போட்டும் நீங்கள் சரிசெய்யாத அதே உறுமல். கையை எடுத்துவிட்டேன்.

"தம்பி! வந்துட்டியா! அந்த உறுமல் எனக்குத் தெரியாதா? எங்கப்பா போயிட்ட இத்தன நாளா?"

அவ்வளவு சந்தோஷத்தை நான் எந்த மனிதரிடமிருந்தும் பறித்ததில்லை. என் உரிமத்துக்கான அழைப்புக்குறியைச் சொன்னேன். "அண்ணே, நான் சரசு. அவரு நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு."

காசிம் அண்ணன் மெல்ல ஓதுவது கேட்டது. ஓதி முடித்ததும், "தங்கச்சி, ஒண்ணு செய்வியா? பேசாம மைக்கை அழுத்திப் பிடிம்மா. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கறேன்" என்றார்.

அழுத்திப் பிடித்தேன். நான் அழுததும் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

உறுமலை நீக்கித் தருகிறேன் என்கிறான் செல்வம். வேண்டாம் என்றுவிட்டேன். ஞாயிறுதோறும் காசிம் அண்ணன் கூப்பிடும்போது இந்த வீட்டிலிருந்து பதில் போகும். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்போதும் உங்கள் வீட்டுக்காரி,
சரசு