கயல் படம் போன இடமெல்லாம்

ஐப்பசி 6, திங்கள்
காலையிலிருந்து சாரல். மலையே தெரியவில்லை. நேற்று மகள் கயலின் பூப்புச் சடங்கு நல்லபடி முடிந்தது. இன்று: நாற்காலி, பாத்திரம் திருப்ப வேண்டும். வாழைமரம் அகற்ற வேண்டும்.

தேவாரம் ஊரிலிருந்து தம்பி போன்.
"அக்கா, பேஸ்புக்கப் பாத்தியா? நான் போட்ட மருமக படத்துக்கு லைக்கு அள்ளுது!"

பார்த்தேன். பட்டும் மாலையுமாகக் கயல். பக்கத்தில் அழைப்பிதழ். அவள் பெயர், எங்கள் தெரு, என் போன் நம்பர், எல்லாம். பெருமையாகத்தான் இருந்தது. நானும் ஒரு லைக் போட்டேன்.

ஐப்பசி 7, செவ்வாய்
ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. பக்கத்தில் உட்காரும் நூர்ஜகான் அக்கா காதோரம் கேட்டார்: "ஏம்மா, அந்தப் படத்துக்குக் கீழ எழுதிருக்கத வாசிச்சியா?"

வாசித்தேன். முகம் தெரியாத ஆண்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவள். என்ன எழுதியிருந்தார்கள் என்று இந்த நோட்டில்கூட எழுதமாட்டேன். எழுந்து போய்க் கை கழுவினேன். என்னவோ கையில் ஒட்டியதுபோல.

தம்பிக்குப் போன். எடுத்துவிடச் சொன்னேன்.
"சீர் செஞ்ச தாய்மாமன்க்கா நான். நாலு பேரு பாக்க வேண்டாமா? எவனோ எழுதுறதுக்கு நான் என்ன செய்ய?"

ஐப்பசி 8, புதன்
கயல் மதியமே பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். வகுப்பில் படத்தைக் காட்டிச் சிரித்தார்களாம். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான்.

சாயங்காலம் தெரியாத நம்பர். ஆண் குரல். "பாப்பா இருக்காளா?" வைத்துவிட்டேன். மறுபடி. மறுபடி. தூ!

ஐப்பசி 9, வியாழன்
வேலைக்கு லீவு. தேவாரம் பஸ். தம்பி வீட்டில் இருக்கும்போதே அதே நம்பர். போனை அவன் கையில் கொடுத்தேன். கேட்டான். முகம் செத்துப்போனது. "எவன்டா நீ?" என்று கத்தினான். அந்தப் பக்கம் சிரிப்பு.

படத்தை என் கண் முன்னாலேயே எடுத்தான். "மன்னிச்சுருக்கா" என்றான். ஆனால் அதற்குள் யார் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து நம்மால் எடுக்க முடியாதாம்.

ஐப்பசி 10, வெள்ளி
போலீஸ் ஸ்டேஷன். புகார் கொடுத்தாயிற்று. பெண் போலீஸ் ஒருவர் என் பேஸ்புக் பக்கத்தைக் காட்டச் சொன்னார். தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"எல்லாத்தையும் எல்லாரும் பாக்குற மாதிரியே வச்சிருக்கீங்களேம்மா. ஒங்க தம்பிய மட்டும் சொல்லி என்ன?"

கயல் குளிக்கிற படம், மூன்று வயதில். மார்க் ஷீட். கழுத்தில் பள்ளி அடையாள அட்டையோடு. பஸ் ஏறும் இடம். எல்லாம் நான் போட்டவை. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எப்படிப்பட்டவர்கள்? அந்த ஆட்கள்மேல் வந்த அதே அருவருப்பு, இன்று என்மேல்.

ஐப்பசி 12, ஞாயிறு
மழை விட்டது. காலை முழுக்க நானும் கயலும் படங்களை அழித்தோம். மிச்சத்தை எங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றினோம். பாதியில் கேட்டாள்: "இதெல்லாம் போடுறப்ப என்னைய ஒரு வார்த்த கேட்டியாம்மா?"
கேட்கவில்லை.
நாளை பள்ளிக்குப் போகிறேன் என்றாள்.

மதியம் தம்பி வந்தான், பலகாரத்தோடு. பழக்கதோஷத்தில் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். கயல் அவனை நேராகப் பார்த்தாள்.
"கேட்டுட்டு எடுங்க மாமா."
போனை இறக்கினான். "எடுக்கட்டா ஆத்தா?"
"வேண்டாம்."
போனைப் பைக்குள் போட்டான். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.