ஜிப்ரிக்கு என்ன தெரியும்

உக்குவளை
18.10.2025

அன்பு மகன் ஜீவராஜுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி தர்ஷிகாவும் மாரியம்மன் துணையால் சுகமாக இருக்கிறோம், நீ தெரிவு செய்து கொடுத்த மதர்போர்டும் பாதி சுகமாக இருக்கிறது. அங்கே டோஹாவில் நீ முழுச் சுகமாக இருக்கவும் நேரத்துக்குச் சாப்பிடவும் அந்த அம்மனையே வேண்டிக்கொள்கிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். ஃபோனில் பேசினால் தர்ஷிகா காதில் விழும், வாய்ஸ் அனுப்பினால் உன் அப்பா அதைப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டுவார். எனக்கு உன்னிடம் மட்டும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. தபாலில் போட்டால் தீபாவளி முடிந்த பிறகுதான் கிடைக்கும், அதுவும் நல்லதுதான், பலகாரம் சாப்பிடுகிற நேரத்தில் இதைப் படிக்க வேண்டாம்.

முதலில் உன் கெட்டித்தனத்தைப் பாராட்டிவிடுகிறேன். சீகிரியாப் பக்கம் இன்னும் அத்திவாரம்கூட வெட்டாத ஹோட்டலை, கட்டி முடித்து ஆள் தங்கியிருக்கிற மாதிரிக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பதுதானே தங்கச்சியின் வேலை. இந்த முறை அவர்கள், படம் போதாது, வாசலில் நுழைந்து நீச்சல் தடாகம்வரை நடந்து போகிற மாதிரி வீடியோ வேண்டும், அதுவும் பதினைந்தாம் தேதிக்குள் வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தால் அவர்களுடைய மற்ற வேலைகளும் இவளுக்கு, கொடுக்காவிட்டால் இவள் கொழும்பில் அறை எடுத்துக்கொண்டு யாருடைய கந்தோரிலாவது சம்பளத்துக்கு உட்கார வேண்டியதுதான். பழைய கம்ப்யூட்டரோ ஒரு படத்துக்கே பகல் முழுவதும் மூச்சு வாங்கியது. பாவம் பிள்ளை, அண்ணன் பெரிய கம்பனியில் பெரிய மெஷின்களைப் பார்க்கிறவன் ஆயிற்றே என்று உன்னிடம் யோசனை கேட்டாள். கேட்டவுடனே நீ ஒன்பது வாய்ஸ் அனுப்பினாய். ஒரு புரோசசர் வைக்கிற போர்டெல்லாம் சின்னப் பிள்ளைகள் கேம் விளையாட, இவளுக்கு இரண்டு புரோசசர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற போர்டுதான் சரி, மெமரி குத்துகிற இடம் பதினாறு இருக்க வேண்டும் என்றாய். அந்தப் பதினாறையும் எதைக்கொண்டு நிரப்புவது என்று மட்டும் எந்த வாய்ஸிலும் சொல்லவில்லை.

நம்முடைய உக்குவளைக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிற ஜிப்ரி, உன் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். தங்கச்சி, இப்ப வாற புரோசசர் ஒண்டே இந்த வேலைக்கு தாராளம், ரெண்டு வைக்கிற போர்டு பெரிய கம்பனி மெஷின்ல இருந்து கழட்டினதுதான் கிடைக்கும், பழைய பெட்டி பத்தாது, பழைய மெமரி சேராது, பழுதானா மாத்தளையில பார்க்க ஆளும் இல்ல என்றார். தர்ஷிகா அதை உனக்குச் சொன்னதற்கு, உக்குவளைக் கடைக்காரன் ஜிப்ரிக்கு என்ன தெரியும் என்று கேட்டாய். உன் அப்பாவும் உன் பக்கம். தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் இருபத்தெட்டு வருஷம் இஞ்சின் பார்த்தவர் இல்லையா, இஞ்சின் பெருசா இருந்தா தப்பே வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்துப் பழைய பெட்டியை அளந்து, போர்டு இரண்டு விரல் வெளியே நிற்கும் என்று கண்டுபிடித்து, பெட்டியின் ஓரத்தை வாளால் அறுக்கலாம் என்றார். நல்லவேளை, உன் லிஸ்ட்டின்படியே போர்டை வரவழைத்த ஜிப்ரி, புதுப் பெட்டி ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார். போர்டைத் தன் கடையில் இரண்டு புரோசசரும் வைத்து ஓட்டிப் பார்த்து, கழற்றித் தனித்தனியாகச் சுற்றிக் கொடுத்தார். நீதானே எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்து நானே பூட்டவைப்பேன் என்று அடம்பிடித்தாய்.

அது வீட்டுக்கு வந்தது சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். தர்ஷிகா போர்டு இருந்த அட்டைப் பெட்டியைப் புத்தகங்களோடு சாமி முன்னால் வைத்தாள். பூஜையன்று காலையில் நான் தையல் மெஷின், கிரைண்டர், அப்பாவின் ஸ்பானர்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி. இவ்வளவு பெருமையாக வந்த சாமானுக்கு அட்டைப் பெட்டியின் மேல் பொட்டு வைத்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். புரோசசர் உட்காருகிற இரண்டு சதுரம் இருந்தது. ஒன்றில் பிளாஸ்டிக் மூடி இருந்தது, மற்றதில் மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. மூடி இல்லாத சதுரம் தங்க நிறத்தில் பளபளவென்று அழகாக இருந்ததால் அதன் நடுவிலேயே நல்ல ஈரச் சந்தனமாகப் பொட்டு வைத்தேன், மேலே குங்குமமும் வைத்தேன். அதற்குள் தர்ஷிகா வருகிற சத்தம் கேட்டது. தொடாதே என்று நீங்கள் இரண்டு பேரும் பத்துத் தடவை சொல்லியிருந்தீர்கள் அல்லவா, பயந்து போய் முந்தானையால் அழுத்தித் துடைத்து, மூடியைப் போட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அந்தப் பளபளப்பு முழுவதும் முடியைவிட மெல்லிய கம்பிகள் என்று எனக்கு யார் சொன்னது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போன நாற்பது பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் பார்த்துக்கொண்ட கை இது, ஒரு பலகையிடம் தோற்றுப்போனது.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், தெரிந்த மாதிரிதான் தெரியும். நீ வீடியோவில் வந்து தளபதி மாதிரி உத்தரவு போட்டாய், அவள் பூட்டினாள், மெஷின் மூச்சே விடவில்லை. உடனே நீ ஜிப்ரிக்கு ஃபோன் எடுத்து, பழுதான சாமானைத் தலையில் கட்டிய கள்ளன் என்று ஏசினாய். தர்ஷிகாவும் தேதி நெருங்குகிற பதற்றத்தில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் கடைப் பெயரைப் போட்டு, யாரும் போகாதீர்கள் என்று எழுதினாள். நான் குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களையெல்லாம் இவ்வளவு கேலி பேசுகிற எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏச்சு வாங்கிய மனுஷன் மறுநாள் காலையில் தானாக வீட்டுக்கு வந்தார். புரோசசரைத் தூக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார், குனிந்து ஒரு தடவை மோந்தும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். அவர் தர்ஷிகா பக்கம் திரும்பி, ரெண்டாவது சீட்ல கம்பி வளைஞ்சிருக்கு, நான் கழட்டக்குள்ள நடந்திருக்கும், என்ட பிழைதான் தங்கச்சி என்றார். பழுதானது இரண்டாவது இடம் என்பதால் முதலாவதில் ஒரு புரோசசரை மட்டும் வைத்து ஓட்டலாம், அந்தப் பக்கத்து எட்டு மெமரி மட்டும்தான் வேலை செய்யும் என்று சொல்லி, உட்கார்ந்து பூட்டிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். அந்த ஒன்றிலேயே வீடியோ பதினான்காம் தேதி முடிந்தது, ஹோட்டல்காரர்களுக்குப் பிடித்தும் போய்விட்டது. ஒன்றே தாராளம் என்று முதல் நாளே ஒருவர் சொன்னார், யாரென்று உனக்கு ஞாபகம் இருக்காது.

போன வியாழக்கிழமை கடைத்தெருவில் ஜிப்ரியின் மனைவி றிப்காவைக் கண்டேன். குரூப்பில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடம் கம்ப்யூட்டர் திருத்துகிற வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டதாம். என் மேல் கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. நேராகக் கடைக்குப் போய் ஜிப்ரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தெரியும்மா, சந்தன வாசம் அப்பவே வந்திச்சு என்றார். தெரிந்துகொண்டே ஏன் பழியை ஏற்றீர்கள் என்று கேட்டேன். மகளுக்கு முன்னால உங்கள எப்பிடிம்மா சொல்ற என்றார். மகனே, நான் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த மனுஷனைக் கள்ளன் என்றீர்கள், அவர் என் மானத்தைக் காப்பாற்றினார்.

இந்த இடம்வரை எழுதிவிட்டு, உனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி என்ன பிரயோசனம் என்று தோன்றியது. கடிதத்தை அப்படியே தர்ஷிகாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பிறகு குரூப்பில், போர்டு பழுதானது எங்கள் வீட்டில், ஜிப்ரி நானாவின் மேல் ஒரு பிழையும் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதினாள். சோறு போடும்போது, அடுத்த வருஷம் பெட்டிக்கு வெளியில வைங்கம்மா, சாமி கோவிச்சுக்காது என்றாள். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் வீட்டிலேயே போய்ச் சொல்ல அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், அப்பா வழி நெடுக இஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்.

உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும், நல்ல பெண்ணாக அமைந்து சீக்கிரம் வீடு நிறைய வேண்டும் என்று அம்மனை வேண்டி உன்னை ஆசீர்வதிக்கிறேன். வெயிலில் தொப்பி போடு. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எடுப்பதற்கு முதல் ஜிப்ரிக்கு எடு. அவர் நம்பரை பிளொக் பண்ணி வைத்திருப்பதாகத் தர்ஷிகா சொன்னாள், அதை எடுத்துவிடு. மன்னிப்புக் கேட்க எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாற வேண்டாம், எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை, அவரே பேச வைப்பார். பேசி முடித்ததும், ஜிப்ரிக்கு என்ன தெரியும் என்று கேட்டாய் அல்லவா, அதையும் அவரிடமே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
பொட்டு வைத்த குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உன் அம்மா,
சி. அழகம்மா