வாத்துக் கழுத்து இரண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் ஓட்டுக் கேட்டு வந்தபோது, "என் ஒண்ணாம் நம்பர் எங்க கட்சி ஃபின்டனுக்குத்தான். சுயேச்சையா நிக்கிற பொண்ணெல்லாம் அடுத்த வீட்டைத் தட்டலாம்" என்று கதவைச் சாத்தினீர்கள்.

ஃபின்டன் தோற்றார். விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போடும் ஓட்டு என்பதால், அவருக்கு 1 போட்ட சீட்டுகளை, 2 யாருக்கு என்று பிரித்து அவரவர் கணக்கில் சேர்த்தார்கள். அதில்தான் மூன்றே ஓட்டில் நான் கவுன்சிலர் ஆனேன்.

ஓட்டு எண்ணும் மேசைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு சீட்டில் என் பெயருக்கு நேரே, வாத்துக் கழுத்துபோல் வளைந்த 2. என் இரண்டாம் வகுப்பு நோட்டு அட்டைகளில் நீங்கள் எழுதித் தந்ததும் அதே வாத்துதான்.

ஓட்டு ரகசியம். நானும் கேட்கமாட்டேன், நீங்களும் சொல்லவேண்டாம்.

ஏழு நாளுக்குள் கம்பங்களிலிருந்து என் போஸ்டர்களைக் கழற்றியாக வேண்டும். சனிக்கிழமை உங்கள் ஏணிக்கு வருகிறேன். இந்த முறை கதவைச் சாத்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாம் நம்பர்