ஞானத்தாய்ப் பதவியும் கனடாக் கூட்டரசாங்கமும்

ஹேர்னிங்,
7 பெப்ரவரி 1993

அன்பு மகள் மரினா அறிவது,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் பனியைக் கண்டால் முறைப்பாடு செய்கிறது. நீயும் அந்தக் கனடாக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுமென்று செபிக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடிக்கொண்டும் கனடாச் சரித்திரத்தில் எனக்கொரு கேள்வி அனுப்பியிருக்கிறாய். ஓய்வுபெற்ற குடியியல் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும், ஆனாலும் என் விடை சரியோ தெரியாது, உன் விரிவுரையாளரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்.

அதற்கு முன் இங்கத்தைய புதினம். எங்கள் ஆட்களின் வழக்கால் டென்மார்க் அரசாங்கமே விழுந்ததை அங்கேயும் பத்திரிகையில் போட்டிருப்பார்கள். தமிழ் அகதிகள் குடும்பத்தை அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டார்கள் என்று நீதிபதி ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதிவிட்டார், பிரதமர் விலகினார், இப்போது நான்கு கட்சிகள் சேர்ந்து ஆளுகின்றன. எனக்கோ வெளியே தலைகாட்டக் கூச்சம். பக்கத்து வீட்டு நீல்சன் விழுந்த கட்சிக்கே காலமெல்லாம் வாக்குப் போட்டவர். அம்மா சுட்ட கடலை வடையைத் தட்டில் மூடிக்கொண்டு போய், உங்கள் அரசாங்கம் எங்களால் விழுந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று, எழுதிப் பாடமாக்கிய டேனிஷில் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டு, நீங்கள் தள்ளவில்லை, அவர்களாகவே தடுக்கி விழுந்தார்கள் என்று சொல்லி வடையை வாசலில் நின்றபடியே முடித்தார். தட்டைத் தரும்போது, அடுத்த அரசாங்கம் விழுந்தாலும் மறக்காமல் வாருங்கள் என்றார். அம்மாவிடம் சொன்னால், "நல்லகாலம், புது நாலு கட்சிக்கும் வடை சுடச் சொல்லேல்லை" என்கிறார்.

இனி உன் கேள்வி. 1864இல் மேல் கனடாவின் சீர்திருத்தக் கட்சித் தலைவர், காலமெல்லாம் திட்டித் தீர்த்த எதிரியுடன் ஒரே அரசாங்கத்தில் போய் இருந்தது கொள்கைத் துரோகம்தானே என்கிறாய். நான் படிப்படியாக யோசித்தேன். முதலாவது, மேல் கனடாவுக்கும் கீழ் கனடாவுக்கும் சபையில் சம ஆசனம், ஒருவரை ஒருவர் மறித்ததில் அரசாங்கங்கள் அடுத்தடுத்து விழுந்தன, ஒரு வேலையும் நடக்கவில்லை. இரண்டாவது, அவர் சிநேகிதத்துக்காகச் சேரவில்லை, அரசியலமைப்பைத் திருத்துவது என்ற ஒரே வேலைக்காகச் சேர்ந்தார். வேலை முடியுமுன்பே விலகிவிட்டாரே என்று நீ மடக்குவாய். ஓம், விலகினார், ஆனால் வெளியே நின்றும் அந்த வேலைக்கு ஆதரவுதான் கொடுத்தார். கொள்கையைக் கைவிட்டவர் இப்படிச் செய்வாரா என்பது என் எண்ணம், பிழையாகவும் இருக்கலாம்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, "செத்துப்போன கனடாக்காரரைச் சேர்த்து வச்சிட்டியள், பெத்தது ரெண்டும் ஐஞ்சு வரியமாக் கதைக்கேல்லை, அதுக்கு எத்தினையாம் படி" என்று கேட்டார். உண்மையில் நான் பேனையை எடுத்ததே அதற்காகத்தான், இதுவரை துணிவு வரவில்லை. நாங்கள் மன்னாரில் காத்திருந்த காலத்தில், எங்கள் விண்ணப்பத்தை அண்ணா ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று நீ அவனிடமே தொலைபேசியில் சொன்னாய், அவன் பேச்சை முறித்துத் தொலைபேசியை வைத்துவிட்டான். இப்போது பார்த்தால் அவன் கொடுத்ததெல்லாம் சரி, அமைச்சில்தான் அது உறங்கியிருக்கிறது. உன்னையும் குறைசொல்ல மாட்டேன், நீதிபதிக்கே கண்டுபிடிக்க வருடங்கள் பிடித்தன. போன ஞாயிறு உன் அண்ணா ஸ்ரிபனும் அண்ணி அஜந்தினியும் கோப்பன்ஹேகனிலிருந்து குழந்தையோடு வந்தார்கள். பிள்ளைக்குப் பல் முளைக்கப் போகிறது, இன்னும் ஞானஸ்நானம் இல்லை. என்னடா சுணக்கம் என்று அம்மா கேட்டதற்கு, ஞானத்தாய் வரவேணுமே என்றான். விமலராணி மாமி தான் நிற்பதாகச் சொல்லியும் வேண்டாமென்றிருக்கிறான். உன் தங்கச்சியை நீயே ஒருக்காக் கேளன் என்றேன். "அவள் வரமாட்டாள் அப்பா, அவள் கொள்கைக்காரி" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான்.

ஆகவே, தவறென்றால் மன்னித்துக்கொள், உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை, கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியடியில் ஒரு அரை மணி நேரம், அதற்கு மட்டும் ஒரு கூட்டரசாங்கம் அமைக்கலாமே. தண்ணீர் ஊற்றி முடிந்ததும் நீ எதிர்க்கட்சி ஆசனத்திலே திரும்பப் போய் இருக்கலாம், நான் மறிக்கமாட்டேன். அந்தக் கனடாத் தலைவரின் கட்சிக்கு மூன்று மந்திரிப் பதவி கொடுத்தார்கள். உன் அண்ணாவிடம் இருப்பது ஒன்றுதான், ஆனால் அதை வேறு ஒருவருக்கும் கொடுக்கிறானில்லை.

மருதமடு மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். காதை மூடித் தொப்பி போடு, சோற்றுக்குப் பதில் பாண் தின்று நாளைப் போக்காதே. அண்ணாவின் புதிய தொலைபேசி இலக்கம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. அம்மா தன் கையால் பெரிதாக எழுதியிருக்கிறார், என் எழுத்தென்றால் தெரியவில்லை என்று நீ சாட்டுச் சொல்வாயாம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
குருசுமுத்து