அம்மாவுக்குப் பேச்சு உண்டு

6 செப்டெம்பர் 2009, ஞாயிறு

கடையில் ரோல்ஸ் பொரித்துப் பொரித்துத் தலைமயிர்வரை எண்ணெய் மணக்கிறது. முழுகியும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் புறநகர்த் திரான்சிச் சனமெல்லாம் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில்தான் வந்து இறங்கும். முதலாளிக்குச் சந்தோசம், எனக்கு முதுகு நோ.

பின்னேரம் தம்பி சேந்தன் அமெரிக்காவிலிருந்து போன் எடுத்தான். கிரீன் காட் லொட்டரி விழுந்து அவன் போனபோது ஊரெல்லாம் பெருமை பேசினோம். போய் ஒரு பெற்றோல் செட்டில் நிற்கிறான். “அக்கா, இஞ்சை ஒருத்தரும் நடக்கிறேல்லை. நான் நடந்து போனால் பொலிஸ் மறிச்சு, உனக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு கேக்கிறான்” என்று சொல்லிச் சிரித்தான். அம்மா போனைப் பறித்து, பெண் பார்த்து வைத்திருக்கிற கதையைத் தொடங்கினார். “அம்மா, லைன் கிளியரில்லை” என்று பொய் சொல்லி வைத்துவிட்டான் கள்ளன். வன்னியில் எல்லாம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

19 ஒக்டோபர் 2009

சேந்தனைச் சுட்டுப்போட்டாங்கள்.

23 ஒக்டோபர் 2009

இன்றைக்குத்தான் கை எழுதுகிறது.

கொள்ளையடிக்க வந்தவன் ஒரு பொடியன். பத்தொன்பது வயதாம். தம்பி காசு லாச்சியைத் திறந்து கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றானாம், கமராவில் தெரிகிறதாம். பிறகும் சுட்டிருக்கிறான். ஏன்? எல்லாம் தந்தாச்சு, பிறகு ஏனடா சுட்டனி?

ஷெல்லுக்கும் ஆமிக்கும் தப்பின பிள்ளை. பெற்றோல் செட்டில் போய்ச் செத்தான்.

ஆளைப் பிடித்துவிட்டார்கள். பெயரும் சொன்னார்கள். அந்த அறுவான்ரை பேரை நான் இதிலே எழுதமாட்டேன். என் வாயாலும் சொல்லமாட்டேன்.

12 மார்ச் 2011

அமெரிக்காவின் அரச தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம். வழக்கு மே மாதம். அவன் குற்றவாளி என்று தீர்ந்தால், சாகும்வரை மறியலில் வைப்பதா, மரணதண்டனையா என்று ஜூரிதான் சொல்லுமாம். அதற்கு முன் செத்தவனின் குடும்பம் தன் துயரத்தைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கலாமாம். அது எங்கள் உரிமையாம்.

எனக்குத் தெரிந்த எழுத்துக்காரர் இராஜேந்திரன் அண்ணைதான். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் போன்காட் கடைக்குப் பின்னறையில் இருந்து சனத்துக்கு அகதிக் கேஸ் எழுதுகிறவர். என் கேசும் அவர் எழுதித்தான் எனக்கு இந்தப் பிரெஞ்சு நாட்டில் அகதிக் காட் கிடைத்தது. இங்கிலிசும் நல்லாய் எழுதுவார்.

நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்துவிட்டு, “என்ன தங்கச்சி, பள்ளிக்கூடக் கட்டுரையோ?” என்றார். “தம்பி நல்லவன், அம்மா அழுகிறா... இதை ஆர் நம்புவான்? உள்ளதை உள்ளபடி எழுதி இஞ்சை ஆருக்குக் காட் கிடைச்சிருக்கு, சொல்லு பாப்பம்.”

அது உண்மை. என் கேசில் ஆமி என்னையும் அடித்ததாக எழுதினவர். அடித்தது எங்கள் அப்பாவைத்தான். வேடிக்கை என்னவென்றால், அப்பாவை அடித்ததை முதல் தடவை நம்பாதவர்கள், என்னை அடித்ததை இரண்டாம் தடவை நம்பினார்கள்.

எனவே இப்படி எழுதினார்: செய்தி கேட்ட நாளிலிருந்து தாய் பேச்சிழந்து போனார். ஒரு சொல் பேசுவதில்லை. பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை.

“அண்ணை, அம்மா காலமை முருங்கைக்காய்க் கடைக்காரனோடை சண்டை பிடிச்சவ.”

“அமெரிக்கன் முருங்கைக்காய்க் கடைக்கு வரப்போறானோ? கையெழுத்தைப் போடு.”

போட்டேன். அவனுக்குத் தண்டனை நல்லாய் விழவேண்டும். அதற்கு என்ன எழுதினால்தான் என்ன?

3 ஜூன் 2011

மரணதண்டனை.

அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னார். கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கேட்டேன். என் கடிதத்தில் அம்மாவைப் பற்றிய இடத்தை வாசித்தபோது ஜூரியில் சிலர் அழுதார்களாம். உங்கள் அம்மாவுக்காகத்தான் இது, என்றார். நான் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. “அவனுக்குத் தாய் இருக்கிறாவோ?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? இருந்தால் அழட்டும்!” என்று கத்தினேன். என் பத்து வயது மகள் அக்ஷரா பாடப் புத்தகத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். இரவு சாப்பிடவில்லை.

எனக்குச் சந்தோசமா? ஓம், சந்தோசம்தான். ஏன் இல்லாமல்?

17 ஏப்ரல் 2014

இன்று எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. ப்ரெஃபெக்ச்சூர் அரச அலுவலகத்தில் கூட்டமாக நிறுத்தித் தேசியப் பாட்டுப் போட்டார்கள். எனக்குப் பாதிதான் பாட வந்தது. அக்ஷரா முழுக்கப் பாடினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் அம்மா கேட்டார், “இஞ்சை தூக்கு இருக்கோ?”

“இல்லை. எப்பவோ நிப்பாட்டிப் போட்டாங்கள்.”

“அப்ப நீயும் இனி அந்த ஆக்கள்தானே.”

மனுசி எங்கே கொண்டுபோய்க் குத்துகிறார் பாருங்கள். பாயாசம் காய்ச்சியது, குடிக்க மனம் வரவில்லை.

9 ஜனவரி 2019

அங்கிருந்து மின்னஞ்சல். அக்ஷரா வாசித்துச் சொன்னாள். தண்டனைக்கு நாள் குறித்துவிட்டார்கள், மே மாதம். செத்தவனின் குடும்பம் நேரில் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாமாம். அதுவும் எங்கள் உரிமையாம். கண்டறியாத உரிமை!

பத்து வருசமாக இந்த நாளுக்குத்தானே இருந்தேன். வந்த பிறகு, போதும், மூடு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா தொலைக்காட்சியை நிறுத்தினார். இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார்.

“நீ அப்ப சின்னப்பிள்ளை. எங்கடை சந்தியிலை இயக்கக்காரர் ஒரு பொடியனை லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுட்டுப்போட்டு, கழுத்திலை மட்டையிலை எழுதித் தொங்கவிட்டிருந்தவை. துரோகியாம். நான் மீன் வாங்கப் போன இடத்திலை கண்டனான். சனம் சுத்தி நிக்குது, ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. தாய்க்காரி வந்து தனிய நிண்டு கயித்தை அவிழ்த்தவ. அவிழ்க்கேலாமல் பல்லாலை கடிச்சவ. நான் மீன் பையோடை பாத்துக்கொண்டு நிண்டனான் பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

பிறகு சொன்னார், “இப்ப என்னை வைச்சு ஒருத்தனைக் கட்டப் போறாங்கள். எழுது. வேண்டாம் எண்டு எழுது.”

நான் எழுதவில்லை. முடியவில்லை. அம்மா என்னோடு கோபம்.

16 பெப்ரவரி 2019

இரண்டாம் மாடி மர்கரீத்திடம் அம்மா தானே படி இறங்கிப் போயிருக்கிறார். மர்கரீத் இங்கிலிஸ் படிப்பித்து ஓய்வெடுத்த பிரெஞ்சுப் பெண்மணி. அம்மாவுக்குப் பிரெஞ்சில் “போன்ஜூர்” தவிர ஒன்றும் வராது. எப்படித்தான் விளங்கப்படுத்தினாரோ, மர்கரீத் கண் சிவந்து மேலே வந்தார். அவனுடைய வழக்கறிஞரைத் தானே தேடிப் பிடிப்பதாகச் சொன்னார். கருணைச் சபை என்று ஒன்று இருக்கிறதாம். செத்தவனின் தாயே வேண்டாம் என்று கேட்டால் பெரிய விசயமாம்.

எனக்கு அவன்மேல் இரக்கமில்லை, இதை ஒளிக்கமாட்டேன். ஆனால் அம்மாவைப் பார்க்க ஏலாமல் இருக்கிறது. சரி, செய்யுங்கோ என்றேன்.

24 பெப்ரவரி 2019

அக்ஷரா தன் போனில் காணொளி பிடித்தாள். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து இருந்தார். ஒத்திகை ஒன்றும் இல்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்:

“என்ரை பேர் கோசலை. சேந்தனைப் பெத்தவள். அந்தப் பிள்ளையை மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல வரேல்லை. எனக்கு அந்தளவுக்குப் பெரிய மனசில்லை. ஆனால் என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லி ஒருத்தரையும் கட்டி வைச்சுக் கொல்லாதேங்கோ. சாகுமட்டும் உள்ளுக்கை வைச்சிருங்கோ. கொல்லாதேங்கோ. தாய் நான் கேக்கிறன்.”

“அம்மம்மா, c'est parfait, நல்லாய்ச் சொன்னீங்கள்” என்று சொல்லிவிட்டு அக்ஷரா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

11 ஏப்ரல் 2019

ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்!

மர்கரீத் அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதே முகம் சரியில்லை. அரச தரப்பு கருணைச் சபைக்கு எழுதியிருக்கிறது. கொலையுண்டவரின் தாய் பேச்சிழந்தவர், ஆளை அடையாளம் தெரியாதவர் என்று மகளே 2011இல் சத்தியம் செய்து எழுதித் தந்திருக்கிறார். ஆகவே காணொளியில் பேசுகிற பெண் யாரென்று உறுதியில்லை. அது தாயேதான் என்றாலும், சுயபுத்தியோடு பேசுகிறார் என்று கொள்ள முடியாது.

மர்கரீத் என்னைப் பார்த்தார். அக்ஷரா பார்த்தாள். “Maman, நீ இப்பிடி எழுதினியா?”

அம்மாவுக்கு நானே சொன்னேன். வேறு யார் சொல்வது? அம்மா அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது.

“அண்டைக்குச் சந்தியிலை வாய் இருந்தும் நான் பேசேல்லை. இப்ப பேசிறன். வாய் இல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டியே பிள்ளை.”

அவ்வளவுதான் சொன்னார்.

12 ஏப்ரல் 2019

இராஜேந்திரன் அண்ணையிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவருக்கு வயது போய்விட்டது. நான் கத்தி முடியும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, நான் இந்த மேசையிலை இருந்து எழுதினதெல்லாம் ஆக்களைச் சாகாமல் காப்பாத்தத்தான். கூட்டி எழுதினால்தான் உயிர் தப்பும். கூட்டி எழுதி ஒரு உயிர் போகும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்கு மட்டும் தெரிந்ததா? அவருடைய கதிரையிலேயே இருந்து அழுதேன். அவரும் அழுதார்.

பிறகு நானே எழுதினேன், அவர் எழுதவில்லை. “2011இல் நான் எழுதியது பொய். என் அம்மாவுக்குப் பேச்சு உண்டு. புத்தியும் உண்டு. காணொளியில் இருப்பவர் அவர்தான்.” மர்கரீத் மொழிபெயர்த்தார். சத்தியம் செய்து பொய் சொன்னதாக ஒப்புக்கொள்கிறாய், உனக்கு அங்கே பிரச்சினை வரலாம் என்றார். வரட்டும். வந்து பிடிக்கட்டும்.

29 ஏப்ரல் 2019

மறுத்துவிட்டார்கள். ஒருமுறை பொய் சொன்ன குடும்பத்தின் இரண்டாவது சொல்லை எதை வைத்து நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள்.

என்னை அவர்கள் ஒரே ஒரு தடவைதான் நம்பினார்கள். அது பொய்க்கு.

16 மே 2019

முடிந்துவிட்டதாம். காலையில் மர்கரீத் வந்து சொன்னார்.

பார்க்க நாங்கள் போகவில்லை. போகாமல் இருக்கவும் எங்களுக்கு உரிமை இருந்தது. நிப்பாட்டத்தான் இல்லை.

அவனுடைய வழக்கறிஞர் போன கிழமை அம்மாவின் காணொளியை அவனுக்குக் காட்டினாராம். அவன் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது என்ன மொழி என்று கேட்டிருக்கிறான். தமிழ் என்று சொன்னார்களாம். அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தானாம்.

அவனுக்காக இவ்வளவு நாளும் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. பாழ்படுவான், ஏன் அதைக் கேட்டான்?

அம்மா முழுகிவிட்டு வந்து, சேந்தனின் படத்துக்கு விளக்குக் கொளுத்தினார். என்னோடு பேசவில்லை. அக்ஷராவோடும் பேசவில்லை.

2 ஜூன் 2019

அம்மா இன்றைக்கும் பேசவில்லை. நான் எழுதிக் கொடுத்தபடியே நடக்கிறது. கடவுளே, வேண்டாம்.

28 ஒக்டோபர் 2019

திதிப்படி சேந்தனின் திவசம். கடையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த மாதங்களில் ஓம், இல்லை என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

மோட்ச அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டார். சேந்தன் என்றேன். தட்டை எடுக்கத் திரும்பினார்.

“ஐயா, நில்லுங்கோ. இன்னொரு பேர் இருக்கு” என்றார் அம்மா.

ஐயர் காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பெயரைப் பத்து வருசமாக நான் வாய்க்குள் எடுத்ததில்லை என்று அவருக்குத் தெரியும். பின்னால் சனம் வரிசையில் நின்றது.

“டெல்வின்” என்றேன்.

ஐயர் ஒருமுறை கேட்டார், நான் திருப்பிச் சொன்னேன். “என்ன கோத்திரம்?” என்றார்.

அம்மாதான் சொன்னார், “என்ரை மகனுக்குச் சொல்லுற சிவகோத்திரத்தையே சொல்லுங்கோ.”

ஐயர் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லி மணியை அடித்தார்.

திரும்பி வரும்போது அம்மா முருங்கைக்காய்க் கடையில் நின்றார். வாடின காயைக் காட்டி, இதென்ன விறகோ என்று தொடங்கி, கடைக்காரனை ஏசித் தள்ளினார். றோட்டின் மற்றப் பக்கத்தில் போன ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு, அவர் பேசி முடியும்வரை நின்றேன்.