அம்மா வீட்டுக் கங்கு

போர்ட் ரோன்,
1813 நவம்பர் 9

அன்பான மார்சலிக்கு,

நீயும் செவலையும் அதன் கன்றும் சுகந்தானே? இங்கே நாங்கள் இருவரும் சுகம். கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் உன் அத்தானுக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை. இந்தக் கடிதத்தை மீன்காரி பாரபலிடம் கொடுத்தனுப்புகிறேன். வாயால் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அவளிடம் காலையில் ஒன்று சொன்னால் சாயங்காலத்துக்குள் அது காரியஸ்தர் வீட்டு அடுப்படிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

உன் அத்தானுக்கு அந்தக் காரியஸ்தரிடமே வேலை கிடைத்திருக்கிறது. தலைவர் லண்டனைவிட்டு வருவதே இல்லை என்பதால், குலத்து நிலமெல்லாம் இப்போது இவர் சொன்னபடிதான் ஆடுகிறது. எங்களுக்கு ஒரு கல்வீடு கொடுத்திருக்கிறார்கள். புகை குழாய் வழியாக மேலே போய்விடுகிறது. கண் எரியாமல் சமைத்தால் எனக்குச் சமைத்த மாதிரியே இல்லை. கல்யாணத்தன்று அம்மாவின் கணப்பிலிருந்து சட்டியில் எடுத்துவந்தேனே, அதே கங்கைத்தான் இங்கேயும் கொண்டுவந்து மூட்டியிருக்கிறேன்.

போன வாரம் தெற்கிலிருந்து இரண்டு பேர் நிலம் அளக்கும் சங்கிலியோடு வந்து தங்கினார்கள். சாப்பாடு பரிமாறியது நான்தான். அவர்கள் பேசிய இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது கொஞ்சம். செம்மறி ஆடு என்று பலமுறை சொன்னார்கள். உங்கள் கிளென் ஃபோலா பெயரையும் பலமுறை சொன்னார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் வீட்டுக் கூரை மரங்களை இறக்கி, பனி கொட்டுமுன் இங்கே அனுப்பிவிடு. எங்கள் கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. நீயும் வந்து என்னோடு இரு. உன் வீட்டுக்காரர் டோர்மட் படையில் இருக்கும்போது அந்தப் பள்ளத்தாக்கில் தனியாக உனக்கு என்ன வேலை? ஏன், எதற்கு என்று கேட்காதே. அக்கா சொல்கிறேன், செய்.

எப்போதும் உன் நினைவாக,
ஊனா அக்கா

*

கிளென் ஃபோலா,
1814 ஜனவரி 14

என் அருமை அக்காவுக்கு,

கல்வீட்டுக் குளிரில் உன் மூளை உறைந்துவிட்டதா? நடுக்குளிரில் கூரையைப் பிரி என்கிறாயே! உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு லாக்லனுக்கும் அவர் பெண்சாதி எஃபிக்கும் படித்துக் காட்டினேன். "போர்ட் ரோன்ல விறகுப் பஞ்சம்போல. உங்க அக்கா நம்ம கூரை மேலயே கண்ணு வெச்சுட்டா பாரு" என்று லாக்லன் சொன்னதும் எஃபி கஞ்சியைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தாள்.

மரமே முளைக்காத இந்தப் பள்ளத்தாக்கில் கூரை மரம் என்றால் என்ன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். சதுப்புக்குள் புதைந்து கிடந்த பழைய மரங்களைத் தோண்டி எடுத்து, காயவைத்து, மலையைத் தாண்டித் தோளில் சுமந்துவந்தார் டோர்மட். நிலம் தலைவருடையது. சுவரின் கல் மலையுடையது. எங்களுடையது என்று சொல்ல இருப்பது அந்த மரங்கள்தான். அவர் திரும்பி வரும்போது அவற்றின் கீழே நான் இருக்க வேண்டாமா?

எதற்காக இப்படிப் பயப்படுகிறாய் என்று தெரியவில்லை. படைக்கு ஆள் எடுக்க வந்த தலைவரின் சிற்றப்பா மகன் எங்கள் கணப்பின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். எங்கள் குவளையில் விஸ்கி குடித்துவிட்டு, "ஆள் கொடுத்த வீட்டுப் புகையை எவனும் நிறுத்த மாட்டான். இது தலைவர் வாக்கு" என்று டோர்மட்டின் கையைப் பிடித்துச் சொன்னார். எழுதி வாங்கலாமா என்று லாக்லன் மெதுவாகக் கேட்டதற்கு டோர்மட்டுக்கு வந்ததே கோபம்! "தலைவர் நம்ம ரத்தம்யா. சொந்தக்காரன்கிட்ட போய் எவனாவது எழுதி வாங்குவானா? மானம் போயிடும்" என்றார். அவர் சொன்னது சரிதானே?

உன் சங்கிலிக்காரர்கள் இங்கேயும் வந்தார்கள். பாலும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்தேன். வீட்டை அளந்தார்கள், தொழுவத்தை அளந்தார்கள், கீரைப் பாத்தியைக்கூட விடவில்லை. போகும்போது ஒருவன் சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது மட்டும்தான்.

அத்தானுக்கு இருமலுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன்.

உன் செல்லத் தங்கை,
மார்சலி

*

கிளென் ஃபோலா,
1814 மார்ச் 27

அக்கா,

இந்தமுறை கேலி செய்ய மனமில்லை. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று நீயே எழுது.

மேல்மலையில் புது மேய்ப்பன் ஒருவன் வந்திருக்கிறான், தெற்கத்திக்காரன். நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. போன வாரம் வாசலில் நின்று மலையைக் காட்டி, கணப்பைக் காட்டி, கையால் ஜாடை செய்தான். வசந்தத்தில் ஹெதர் புதரைக் கொளுத்துவது நமக்குப் புதிதா? பழையது எரிந்தால்தானே மாட்டுக்கு இளந்தளிர் வரும்? அண்டை அயலில் ஒருவன் நெருப்புக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏது? கங்கு எடுத்துக் கொடுத்தேன். ஊரே துடைப்பமும் ஈரச்சாக்குமாக உதவிக்குப் போனது. லாக்லன் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

வழக்கமாக ஒரு துண்டு நிலம் எரிந்ததும் அடித்து அணைத்துவிடுவோம். அவன் அணைக்க விடவில்லை. ஒரு பக்கம் நாங்கள் அடிக்க, மறுபக்கம் பந்தத்தோடு ஓடி ஓடிக் கொளுத்தினான். "போதும்யா, விடுய்யா!" என்று லாக்லன் கத்தியதற்குச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இன்னும் கொளுத்தினான். இருட்டுவதற்குள் மலை முழுவதும் போய்விட்டது.

இப்போது ஓடையிலிருந்து உச்சி வரை கறுப்பாகக் கிடக்கிறது. வைக்கோலும் தீர்ந்துவிட்டது. செவலை சாம்பலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அதன் எலும்பு தெரிகிறது, அக்கா. மாடுகள் மேய ஒன்றுமில்லாமல் போகட்டும் என்றுதான் இதைச் செய்தான் என்கிறாள் எஃபி. அப்படியும் மனிதர்கள் இருப்பார்களா? நாங்களே துடைப்பம் எடுத்துக்கொண்டு போய் உதவினோமே!

பதில் எழுது.

மார்சலி

*

போர்ட் ரோன்,
1814 ஏப்ரல் 20

என் கண்ணே மார்சலி,

நான் எழுதுவதை எல்லாம் உன் அத்தான் படித்துவிட்டுத்தான் மெழுகு வைப்பார். இன்று கொல்லன் பட்டறைக்குப் போயிருக்கிறார். அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

உங்கள் பள்ளத்தாக்கை அப்படியே தெற்கத்தி ஆட்டுக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. ஒரு வீடு விடாமல் காலி செய்யச் சொல்வார்கள். அந்த உத்தரவைப் போதகர் கோயிலில் படிப்பார். போகாத வீட்டின் கூரைக்குத் தீ வைப்பார்கள். மரம் மிஞ்சினால் வேறு எங்காவது குடிசை போட்டுவிடுவீர்களாம். அதனால் மரத்தை விடக்கூடாது என்று காரியஸ்தர் என் காதுபடச் சொன்னார். நான் அவருக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி மேஜையில் சிந்தியது.

படைக்கு ஆள் கொடுத்த வீடுகள் என்று உன் அத்தான் எடுத்துச் சொல்லிப் பார்த்தாராம். "யாருடைய வாக்கு? காகிதம் இருக்கிறதா?" என்று காரியஸ்தர் கேட்டாராம். அதற்கு மேல் பேசினால் எங்கள் வீடும் போய்விடும்.

பெண்ணே, மரங்களை இறக்கு. கிளம்பி வா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வரமாட்டேன் என்று நீ அடம்பிடிப்பாய் என்றும் தெரியும். அப்படியானால் இதையாவது கேள். வருகிற ஆட்களோடு உன் அத்தானும் வருவார், அனுப்புகிறார்கள். அது நல்லதற்கே என்று நினைக்கிறேன். "எம் மச்சினி வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, வாசலில் நிறுத்தாதே. அவர் எது கேட்டாலும் கொடு. எத்தனை இருந்தாலும் அவர் நம் மனிதர்.

உன்னையே நினைத்துக்கொண்டு,
ஊனா

*

கிளென் ஃபோலா,
1814 மே 6

அக்காவுக்கு,

நீ எழுதியபடியே ஆயிற்று. ஞாயிறன்று போதகர் படித்தார், இங்கிலீஷில். யாருக்கும் புரியவில்லை. பிறகு நம் பாஷையில், "உங்க பாவத்துக்கு ஆண்டவர் கொடுக்கிற தண்டனை, பொறுமையா ஏத்துக்கோங்க" என்றார். "அந்த ஆண்டவருக்கு ஆட்டு மந்தை எத்தனைன்னு கேளுங்க சாமி!" என்று லாக்லன் எழுந்து நின்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நான் வரவில்லை. இலையுதிர் காலத்தில் படையிலிருந்து விடுவார்கள் என்று டோர்மட் சொல்லி அனுப்பியிருக்கிறார். கணவாய் ஏறியதும் முதலில் நம் வீட்டுப் புகையைத்தான் தேடுவார். அது இல்லாவிட்டால் அவர் என்ன நினைப்பார்? ஒரு நாள்கூட இந்தக் கணப்பை நான் அணையவிட்டதில்லை. தலைவருக்கு விஷயம் எட்டினால் கட்டாயம் தடுப்பார் என்று இன்னும் நம்புகிறேன்.

அத்தான் வரட்டும். நீ சொன்னபடி நடந்துகொள்வேன்.

பழைய கணக்குப்படி அடுத்த வாரம் பெல்டேன், கோடை பிறக்கும் நாள். அன்று வீட்டு நெருப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டின் வாழ்வே அதோடு போய்விடும் என்று அம்மா கதவையே சாத்திவைப்பாளே, நினைவிருக்கிறதா? போன வருஷம் லாக்லன் பற்றவைக்காத பைப்பை வாயில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க என் வாசலில் கெஞ்சினார். கொடுக்கவில்லையே!

உன் தங்கை,
மார்சலி

*

போர்ட் ரோன்,
1814 மே 16

மார்சலி,

எங்கே இருக்கிறாய்? இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உன்னைக் கடற்கரை முழுக்கத் தேடச் சொல்லிப் பாரபலை அனுப்பியிருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் மூன்று நாளாகப் புகை.

உன் அத்தான் நேற்று வந்தார். சாப்பிடவில்லை. திரும்பத் திரும்பக் கை கழுவினார். உன்னைப் பற்றிக் கேட்டால், "அவ நல்லாத்தான் இருக்கா. கேட்டதும் கொடுத்தா, நல்ல பொண்ணு" என்கிறார். என்ன கொடுத்தாய் என்றால் நெருப்பு என்கிறார். பெல்டேன் அன்று நீயாவது, நெருப்புக் கொடுப்பதாவது! பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

என் வாசல் திறந்தே இருக்கிறது. வந்துவிடு, கண்ணே.

அக்கா

*

துறைமுகத்திலிருந்து,
1814 ஜூன் 2

ஊனாவுக்கு,

பாரபல் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அத்தான் பொய் சொல்லவில்லை.

பெல்டேன் அன்று காலையில் நல்ல மழை. ஆட்கள் ஓடையருகே நின்றார்கள். அத்தான் மட்டும் தனியாக என் வாசலுக்கு வந்தார். "மார்சலி, கொஞ்சம் நெருப்புக் கொடும்மா. சிக்கிமுக்கி எல்லாம் நனைஞ்சுபோச்சு" என்றார். இருமிக்கொண்டே நின்றார். நாள் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கடிதம் நினைவுக்கு வந்தது. எது கேட்டாலும் கொடு என்றாய். குளிர் காயவோ பைப் பற்றவைக்கவோ கேட்கிறார் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்ற வந்தவராகத்தான் அவரைப் பார்த்தேன். அம்மா வீட்டிலிருந்து நான் கங்கு கொண்டுவந்த அதே சட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு நேரே லாக்லன் வீட்டுக் கூரைக்குப் போனார்.

எஃபி வாசலில் நின்று பார்த்தாள். நெருப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று ஊரே பார்த்தது. ஒவ்வொரு வீடாக எரிந்தது. நான் கத்தியதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அத்தான் என் வாசலுக்குத் திரும்பி வந்தார். "உன்னோடதைக் கடைசியா வெச்சிருக்கேன், பார்த்தியா? உனக்காகத்தான். சாமானை எடுத்துக்கோ" என்றார். எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக அவர் முகத்தில் இருந்தது. டோர்மட்டின் மரங்கள் மழையிலும் எரிந்தன. நான் பால்குடத்தைத் தூக்கி ஊற்றி, கணப்பை என் கையாலேயே அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கரைக்கு வரும் வழியெல்லாம் யாரும் என்னோடு பேசவில்லை. லாக்லன் பற்றவைக்காத பைப்போடு முன்னால் நடந்தார். நான் பக்கத்தில் போனதும் எஃபி, "நீ தள்ளி நடம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதைவிட அடித்திருக்கலாம். மெலிந்துபோன செவலையைக் கொடுத்துத்தான் கனடாவுக்குக் கப்பலில் இடம் பிடித்தேன். ஊர்க்காரர்கள் ஏறும் கப்பலில் நான் ஏறவில்லை.

உன் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. திறந்த வாசலையும் பார்த்தேன். உள்ளே வர என்னால் முடியவில்லை. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

அம்மாவின் நெருப்பு இனி உன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இலையுதிர் காலத்தில் டோர்மட் வருவார். கணவாயில் நின்று புகையைத் தேடுவார். பிறகு கப்பல் ஏறாமல் மிஞ்சிய நம் ஊர்க்காரர் யாரையாவது கண்டு கேட்பார். எரித்தது யார் என்று தெரிந்துகொண்டு உன் வாசலுக்குத்தான் வருவார். நான் எந்தக் கப்பலில் போனேன் என்று சொல். பசி என்றால் சோறு போடு.

நெருப்புக் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதே.

மார்சலி