பச்சை சஹனுக்கு ஒரு ஜோடி

என் உயிருக்கு உயிரான அத்தாவுக்கு, மைமூன் சலாம் சொல்லி எழுதுவது.

அங்கே காகிதம் வந்து சேருமா, தெரியவில்லை. சேராவிட்டால் படிக்கிற மற்றவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

நீங்கள் கண்மூடி மவுத்தான பிறகு பீங்கான் சேர்க்கும் பைத்தியம் எனக்கு முற்றிவிட்டது. ரங்கூனிலிருந்து நீங்கள் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தவை போக, சிம்மக்கல் கடைகளுக்கு ஆள் விட்டு வாங்கிய ஜாடிகளும் கோப்பைகளும் ஓர் அறை நிறைய இருக்கின்றன. எல்லாம் ஆள் விட்டுத்தான். வாசலைத் தாண்ட எனக்கு ஏது வழி?

அந்தப் பச்சை சஹன் மட்டும் தனி. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அகலத் தட்டு. விஷம் பட்டால் விரிசல் விடும் என்று கதை சொல்லிச் சொல்லி எங்களுக்கு அதில்தான் ஊட்டுவீர்கள். அதற்கு ஜோடி ஒன்று ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மியூசியத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்றே காலத்தை ஓட்டினீர்கள்.

போன வாரம் உங்கள் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "மாசத்துல ஒரு நாள் சாயந்தரம் அங்க கோஷா நேரமாம். ஆம்பளைக ஒருத்தரும் உள்ள இருக்க மாட்டாக. எங்கம்மாவோட போயிட்டு வா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் "போயிட்டு வா" என்ற சொல் வந்ததே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திரை கட்டிய குதிரை வண்டியில் மாமியும் நானும் போனோம். காவலாள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தா, என்னவென்று சொல்வேன்? முட்டை ஓடு கனத்தில் கோப்பைகள். நீலக்கொடி ஓடிய குடுவைகள். முகத்திரையை விலக்கி, மூச்சு கண்ணாடியில் படுகிற மட்டும் நெருங்கி நின்று பார்த்தேன். மாமி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி அலமாரியில் ஜோடி இருந்தது. அதே பச்சை, நடுவில் அதே மீன். பக்கத்தில் புது மரத் தாங்கி ஒன்று காலியாக நின்றது. கண்ணாடிமேல் கை வைத்துச் சாண் போட்டுப் பார்த்தேன். நம் சஹன் அச்சாக உட்காரும் அளவு. போன மாதம் இவர் நூல் பிடித்துச் சஹனை அளந்தது ஞாபகம் வந்தது. எனக்கு அலமாரி செய்யத்தான் அளக்கிறார் என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

மாமியைக் கேட்டேன். மறைக்கத் தெரியாத மனுஷி. "ஆமா புள்ள. நாம இங்க இருக்கைல அவன் அதத் தூக்கிட்டு வந்து, ஜோடியோட சேத்து வைக்கச் சொல்லி மியூசியத்து அதிகாரிக்கிட்ட குடுக்கப் போறான். நீ வீட்டுல இருந்தா விட மாட்டியாம்ல."

என்னை வெளியே அனுப்பியது, நான் வீட்டில் இருக்கக் கூடாதென்று.

நேரம் முடிந்ததென்று காவலாள் கதவைத் தட்டினார். நான் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். கோஷாப் பெண் உள்ளே இருக்கும்வரை ஆண் எவரும் நுழையக் கூடாது. அது அவர்களே போட்ட சட்டம்.

"அத்தாவோட சஹன உள்ள குடுங்க. அப்புறம் வாரேன்" என்றேன்.

"மைமூனு, ஊரே பாக்குது. கதவத் தொற" என்றார் இவர், வெளியிலிருந்து.

"உங்களத்தான் பாக்குது. என்னைய யாரு பாக்குறா?"

மக்ரிப் பாங்கு கேட்டது. மாமி எழுந்து கதவுக்கே வந்துவிட்டார். "எனக்குத் தொழுகை தப்பிரும்டா. தட்டக் குடுத்துத் தொலை." ஒருக்களித்த கதவு வழியே, துப்பட்டியில் சுற்றிய சஹன் உள்ளே வந்தது.

புறப்படும் முன் அதைப் பிரித்து, அலமாரிக் கண்ணாடியை ஒட்டித் தூக்கிப் பிடித்தேன். உள்ளே ஒரு மீன், வெளியே ஒரு மீன். நீங்கள் பார்க்காமல் போனதை உங்களுக்காகப் பார்த்தேன். அழுதேன்.

இனி நான் வாசல் தாண்டக் கூடாதாம். கடைக்கு ஆள் விடவும் கூடாதாம். நேற்று இவருக்கு அந்தச் சஹனில்தான் சோறு வைத்தேன். கை வைக்கும் முன் தட்டை உற்றுப் பார்த்தார். விரிசல் ஒன்றும் விடவில்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அந்த ஜோடியை இன்னொரு தரம் பார்ப்பேனா? ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் மூச்சு உள்ளவரை நம் சஹனை அலமாரியில் வைக்க மாட்டேன். தினமும் அதில் சோறு விழும். இந்த வீட்டில் பூட்டிக் கிடக்க நான் ஒருத்தி போதும்.

உங்கள் தலைப்பிள்ளை,
மைமூன்